தொலைக்காட்சியும் நல்ல ஓய்வும்



காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று, "டீச்சர், டி.வி. பார்ப்பது பாவமா?" என்று கேட்டாள். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "லீவில் நான் டி.வி. முன்னால் உட்கார்ந்தாலே வீட்டில் திட்டு விழுகிறது. ஆனால் எனக்கு அதைப் பார்த்தால்தான் களைப்புத் தீருகிறது" என்றாள்.

ஒரு சொல்லில் விடை கூற அன்று எம்மால் இயலவில்லை. காரணம், நாமும் அந்தப் பெட்டியின் பழைய அன்பர்களே. எட்டு வயதில் தொடங்கிய ஆசை தலை நரைத்த பின்னும் குறையவில்லை. நாள் முழுவதும் கரும்பலகையின் முன் நின்றுவிட்டு, மாலையில் வீடு திரும்பிக் காலை நீட்டி அமர்ந்து, ஒரு பாட்டு நிகழ்ச்சியோ பழைய படமோ பார்ப்பதில் உள்ள சுகத்தை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை கூறுவது நேர்மையாகாது. எனவே அம்மாணவிக்கு அன்று சொல்ல முடியாமற் போனதை இவ்வாண்டு மலரில் எழுதுகிறோம்.

அந்த வெள்ளிக்கிழமைகள்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. சென்னைக்கு அது வந்து சேர மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. மாலையில் சில மணி நேரமே நிகழ்ச்சிகள். அவையும் கறுப்பு வெள்ளையில். வண்ண ஒளிபரப்பு 1982இல், தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த ஆண்டில்தான் வந்தது.

எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் அப்பெட்டி இருந்தது. மரச்சட்டம், இழுத்து மூடும் கதவு, மேலே பூ வேலை செய்த துணி. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' வருவதற்கு அரைமணி முன்னரே நாங்கள் மூன்று சகோதரிகளும் முகம் கழுவித் தலை பின்னிக்கொண்டு, அவ்வீட்டுக் கூடத்தில் பாயில் இடம் பிடித்துவிடுவோம். அந்த வீட்டு அண்ணன் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புவார். "தெரியுதா?" என்று மேலிருந்து குரல் வரும். "இன்னும் கொஞ்சம்!" என்று கீழிருந்து இருபது குரல்கள் ஒன்றாக எழும். படம் நின்று 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை தோன்றினால், அதையும் கண் கொட்டாமல் பார்ப்போம். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆயினும் 'வயலும் வாழ்வும்' பார்த்துப் பார்த்து, நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளின் பெயர்களெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்!

சென்னை ஒளிபரப்பு எட்டாத தென் கடலோர ஊர்களில், 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்க வீட்டுக்கு வீடு உயரமான கம்பங்களை நட்டார்கள். மக்களுக்கு இருந்த ஆவல் அத்தகையது.

இரவு ஒளிபரப்பு முடிந்ததும் திரையில் வெறும் புள்ளிகள் ஓடும்; இரைச்சல் கேட்கும். பெட்டியின் கதவை மூடிவிடுவார்கள். நாங்களும் எழுந்து, கேட்ட பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புவோம். அந்த ஓய்வுக்கு ஒரு தொடக்கம் இருந்தது. ஒரு முடிவும் இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

திரையில் படம் தோன்றும் விதம்

நாம் விரும்பும் ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் லோகி பெயர்டு என்பவர் 1926ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் லண்டனில், சுழலும் தட்டு ஒன்றின் உதவியால் அறிவியலறிஞர்கள் முன்னிலையில் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1927 செப்டம்பர் 7ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற இளைஞர், சுழலும் தட்டு ஏதுமின்றி மின்னணு முறையிலேயே ஒரு படத்தை அனுப்பிக் காட்டினார். அந்த முதற்படம் வெறும் ஒரு கோடு!

இவர் உழவர் வீட்டுப் பிள்ளை. 14 வயதில் வயலில் சால் சாலாக உழுதுகொண்டிருந்தபோது, ஒரு படத்தையும் இப்படியே வரிவரியாகப் பிரித்து அனுப்பலாமே என்ற எண்ணம் இவருக்கு உதித்ததாம். எவ்வளவு எளிய வேலையிலிருந்து எவ்வளவு பெரிய எண்ணம் பிறந்திருக்கிறது, பாருங்கள்!

நாங்கள் பார்த்த பழைய பெட்டியில் ஒரு படம் 625 வரிகளாகப் பிரிக்கப்பட்டது. முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள் எனத் திரையில் வரையப்படும். இவ்வாறு வினாடிக்கு 25 முழுப் படங்கள். நம் கண்ணும் மூளையும் அவற்றை இணைத்து ஒரே அசைவாகக் காண்கின்றன. இன்றைய தட்டைத் திரைகளில் வரிகளுக்குப் பதிலாக நுண்ணிய புள்ளிகள் உள்ளன. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் உள்ள திரையில் மொத்தம் எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள்: 20 இலட்சத்துக்கும் மேல்!

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திடீரென ஓர் அசைவோ ஒலியோ எழுந்தால் நம் கண்ணும் காதும் தாமே அப்பக்கம் திரும்பும். இந்த இயல்பை ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் 1927இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார். காட்டில் வாழ்ந்த மனிதனைப் பாம்பிடமிருந்தும் புலியிடமிருந்தும் காத்தது இந்த இயல்பே. தொலைக்காட்சித் திரையிலோ காட்சி சில வினாடிக்கு ஒருமுறை மாறுகிறது. ஒலி உயர்கிறது, தாழ்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம் கண் இழுக்கப்படுகிறது. ஆகவே, "கண்ணை எடுக்க முடியவில்லை அம்மா" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. பெற்றோர் இதை அறிந்துகொண்டால் கோபம் சற்றுக் குறையும்.

களைப்பு உண்மையில் தீருகிறதா?

ராபர்ட் கியூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்னும் இரு ஆய்வாளர்கள் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1990இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றைக் கொடுத்தனர். அது நாளில் பலமுறை ஒலிக்கும். ஒலித்தவுடன், தாம் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் குறித்து வைக்க வேண்டும்.

விடைகள் சிந்திக்கத் தக்கவை. தொலைக்காட்சி பார்க்கும்போது மனம் தளர்ந்து இளைப்பாறுவதாகப் பலரும் எழுதினர். நம் மாணவி சொன்னது உண்மையே! ஆனால் பெட்டியை அணைத்தவுடன் அந்த இளைப்பாறுதல் மறைந்துவிடுகிறது. சோம்பல் மட்டும் தொடர்ந்து நிற்கிறது. விளையாடியவர்களும் விருப்பமான கைவேலை செய்தவர்களுமோ, முடித்த பிறகும் தெளிவோடு இருந்தனர். மேலும், அதிக நேரம் பார்ப்பவர்கள் குறைந்த நேரம் பார்ப்பவர்களைவிடக் குறைவான இன்பமே அடைந்தனர்.

கரும்பைக் கடித்துத் தின்றவர்களுக்கு இது விளங்கும். முதற்கடியில் சாறு இனிக்கும். சாறு தீர்ந்த பின்னும் துப்ப மனமின்றிச் சக்கையை மென்றுகொண்டே இருந்தால் தாடைதான் வலிக்கும். களைப்பைத் தீர்க்கும் முதல் அரைமணியும், களைப்பைத் தரும் மூன்றாவது மணியும் ஒரே பெட்டியிலிருந்துதான் வருகின்றன.

கனடா நாட்டில் மலைப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு சிற்றூருக்கு 1973 வரை தொலைக்காட்சி எட்டவில்லை. ஆய்வாளர்கள் அவ்வூரின் உண்மைப் பெயரை மறைத்து 'நோடெல்' என்று அழைத்தனர். தொலைக்காட்சி வருமுன் ஒருமுறையும், வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறுமுறையும் சென்று பார்த்தனர். விளையாட்டுகளுக்கும் ஊர்க்கூட்டங்களுக்கும் வருவோர் குறைந்திருந்தனர். பிள்ளைகளிடையே சண்டை கூடியிருந்தது.

அப்படியானால் தீமையே மிகுதி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளாதார அறிஞர்கள், 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட இந்திய மாநிலங்களின் கிராமங்களில் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கேபிள் தொலைக்காட்சி வந்த கிராமங்களில், மனைவியை அடிப்பது சரி என்று எண்ணும் பெண்கள் குறைந்தனர். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணம் தணிந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் குரல் உயர்ந்தது. தம் ஊருக்கு அப்பால், வேலைக்குச் செல்லும் பெண்களையும் தம் கருத்தைத் துணிந்து கூறும் பெண்களையும் அவர்கள் திரையில் கண்டதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெண்கள் பள்ளியில் பயிலும் நாம் இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

தானே நின்ற காலம்

ஆக, நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. இரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? நிறுத்தும் இடத்தில் என்பதே எம் விடை.

ஐஸ்லாந்து நாட்டில் அரசுத் தொலைக்காட்சி 1966இல் தொடங்கியது. அங்கே 1987 வரை வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே கிடையாது. வாரத்தில் ஓர் இரவு மக்கள் ஒருவரையொருவர் கண்டு பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, மாலை 6 மணி முதல் 7 மணி வரை திரை வெறுமையாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் தாய்மார்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளை உறங்க வைத்துவிடுவார்கள். நம் சென்னை ஒளிபரப்பும் இரவில் தானே நின்றது என்று முன்னரே கண்டோம்.

அன்று நிறுத்துவது நிலையத்தின் வேலை. இன்றோ ஒரு பகுதி முடியுமுன் அடுத்த பகுதி தானாகவே ஓடத் தொடங்குகிறது. கைப்பேசியில் விரல் பட்டால் போதும், காட்சிக்கு மேல் காட்சி வந்துகொண்டே இருக்கிறது. இணையவழிப் படங்களைத் தரும் உலகப் பெரு நிறுவனம் ஒன்றின் தலைவர், தங்களுக்குப் போட்டியாக இருப்பது மக்களின் உறக்கமே என்னும் பொருள்பட 2017இல் வெளிப்படையாகவே பேசினார். மாணவியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் உறக்கத்தோடு ஒருவர் போட்டியிடுகிறார். அதில் தோற்பவர் காலையில் முதல் பாடவேளையிலேயே மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளைதான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. சோறூட்டுவதற்காகக் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுக்கும் வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் ஓய்வு

இனி நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. வாரந்தோறும் ஒரு தமிழ்ப் படம். அப்பா நாற்காலியில், நாங்கள் மூவரும் தரையில், அம்மாவோ கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில். ஒரு காட்சி பார்ப்பார். உலை கொதிக்கும், உள்ளே போய்விடுவார். மீண்டும் வருவார், குழம்பு இறக்க வேண்டியிருக்கும். படம் முடியும் நேரத்தில் எங்களுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே, "கடைசியில அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்தாளா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு வரியில் கதையைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனோம். வீட்டில் மூன்று பெண்கள் இருந்தோம். "நீ உட்காரும்மா, சோத்தை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லை. எங்கள் ஓய்வு அம்மாவின் உழைப்பின் மேல் அமைந்திருந்தது. அதை நாங்கள் காணவில்லை. எங்கள் கண்கள் திரைமேல் இருந்தன.

பல ஆண்டுகள் கழித்து அம்மா நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். கட்டிலின் கால்மாட்டில் தொலைக்காட்சியை வைத்தோம். ஞாயிறு காலையில் அதில் திருப்பலி வரும். தலையணையில் சாய்ந்தபடியே சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, குருவானவருக்கு மெல்லிய குரலில் மறுமொழி சொல்வார். மாலையில் பழைய படங்கள். அன்றுதான் அவர் படங்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். உட்கார்ந்து பார்க்க அவருக்கு நோய்தான் நேரம் கொடுத்தது.

அந்நாட்களில் எங்களுக்கு அசிசி நகர்ப் புனித கிளாராவின் நினைவு வந்தது. இப்புனிதை 1253இல் இறைவனடி சேர்ந்தவர். ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், நோயினால் எழுந்து ஆலயம் செல்ல இயலாதிருந்தபோது, தம் அறையிலிருந்தே அங்கு நடந்த வழிபாட்டைக் கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது வரலாறு. இதை நினைவிற்கொண்டே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1958இல் இவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். எழுந்து செல்ல இயலாத ஒருவருக்கு ஆறுதல் தரும்போதுதான் இக்கருவி தன் உயர்ந்த பணியைச் செய்கிறது என்று நாம் கருதுகிறோம்.

நாம் கைக்கொள்ளத்தக்கவை

1. பார்க்க வேண்டிய நிகழ்ச்சியை முன்னரே தேர்ந்துகொள்வோம். என்ன ஓடுகிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

2. எப்போது அணைப்பது என்பதையும் தொடங்கும்போதே முடிவு செய்வோம். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை நிறுத்தி வைப்போம்.

3. வாரத்தில் ஒரு மாலை நமக்கும் ஐஸ்லாந்து நாட்டு வியாழக்கிழமையாக இருக்கட்டும். அன்று திண்ணையில் பேச்சு, பல்லாங்குழி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் நலவிசாரணை.

4. உண்ணும் வேளையில் திரை வேண்டாம். உறங்கப் போகும் இடத்துக்குக் கைப்பேசி வேண்டாம்.

5. வீட்டு வேலையை எல்லாரும் பகிர்ந்து முடித்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து அமர்ந்து பார்ப்போம். ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

முடிவாக

ஏழாம் வகுப்பு மாணவியே, உன் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறோம். பாவம் அன்று. களைத்தவர் இளைப்பாறுவது இறைவனுக்கு ஏற்றதே. ஆறு நாள் படைத்தவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் அன்றோ? உன்னைப் போலவே நாமும் இன்று மாலை வீடு சென்றதும் பெட்டியைத் திறப்போம். ஆனால் ஓய்வு முடிந்து எழும்போது, இருந்ததைவிடச் சற்றுத் தெம்பாக எழுகிறாயா என்று பார். இல்லையென்றால் சாறு தீர்ந்துவிட்டது, அணைத்துவிடு. அதற்கான பொத்தான் உன் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. வரும் ஞாயிறு படம் பார்க்க உட்காருமுன் அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார். அங்கே யாராவது நின்றுகொண்டிருந்தால், கரண்டியை வாங்கி வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வா. கடைசிக் காட்சியை அவரும் உட்கார்ந்து பார்க்கட்டும்.